ஒண்ணு எண்ணிப் பேசு

"பேசிட்டு நிறுத்து. மனசுக்குள்ள ஒண்ணு எண்ணு. அப்புறம் காதைக் கொடு."

போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் இருந்த எங்கள் எஸ்.டி.டி. பூத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அப்பா சொன்ன வார்த்தை இது. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்து இந்தத் தீவில் இறங்கியவர் அவர். 1993-ல் மஞ்சள் போர்டு மாட்டி, கண்ணாடிக் கூண்டு ஒன்று அடித்து, பூத் திறந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல்லாவில் நான் உட்காருவேன். சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரை ஒரு கண்ணால் பார்த்தபடியே வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தேன்.

ஒண்ணு எண்ணச் சொன்னதற்குக் காரணம் உண்டு. புதிதாக வேலைக்கு வந்தவர் கூண்டுக்குள் போய்ப் பரமக்குடியில் இருக்கும் மனைவியை அழைப்பார். "நல்லா இருக்கியா?" என்பார். பதில் வராது. பதறிப்போய் "கேக்குதா? கேக்குதா?" என்று கத்துவார். அதே நேரத்தில் அந்த அம்மாவின் "நல்லா இருக்கேங்க" வந்து சேரும். இரண்டும் மோதிக்கொள்ளும். அவர் "என்ன சொன்னே?" என்பார், அந்த அம்மாவும் "என்ன சொன்னீங்க?" என்பார். மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காசு வீணாவதைப் பார்க்க அப்பாவுக்குப் பொறுக்காது. கூண்டின் கண்ணாடியைத் தட்டி ஒற்றை விரலைக் காட்டுவார். ஒண்ணு எண்ணு.

அந்த இடைவெளி வானத்தில் உண்டானது. சென்னைக்கும் எங்களுக்கும் நடுவே 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடல். கம்பி கிடையாது. குரல் செயற்கைக்கோள் வழியாகத்தான் போக வேண்டும். பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் அந்தச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. "நல்லா இருக்கியா" என்ற கேள்வி மேலே 36,000, கீழே 36,000 என்று பயணம் செய்ய ஏறக்குறைய கால் நொடி ஆகும். பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. ஆக, அரை நொடி. கணவன் மனைவி பேச்சில் அரை நொடி மௌனம் என்பது பெரிய விஷயம். கோபமோ, அழுகையோ, ஏதோ மறைக்கிறாளோ என்று எவ்வளவோ நினைக்க வைத்துவிடும்.

இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம். இங்கே டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். இருட்டி ஆறு மணி நேரம் காத்திருந்து, தூக்கக் கண்ணோடு வரிசையில் நிற்பவர்களை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைத்திருப்பார்கள்.

கூண்டுக்குள் இருந்த பீட்டல்

எங்கள் கூண்டில் இருந்தது பீட்டல் பட்டன் போன். அதைச் செய்தது பாரதி குழுமம். லூதியானாவில் சைக்கிள் உதிரிபாகத் தொழிலில் தொடங்கியவர் சுனில் பாரதி மித்தல். பிறகு ஜெனரேட்டர் இறக்குமதி செய்து விற்றார். அரசு அந்த இறக்குமதிக்குத் தடை போட்டதும், வட்டமாகச் சுழற்றும் போன்களுக்குப் பதிலாகப் பட்டன் போன்களை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1995-ல் டெல்லியில் ஏர்டெல் என்ற பெயரில் செல்போன் சேவை தொடங்கினார். 2000-ல் சென்னையின் ஸ்கைசெல் நிறுவனத்தை வாங்கினார். நம் தமிழ்நாட்டில் ஏர்டெல் காலூன்றியது அப்படித்தான்.

அப்புறம் வளர்ச்சி வேகம் பிடித்தது. 2009 ஜனவரியில் இலங்கை. 2010-ல் வங்கதேசம். அதே 2010-ல் குவைத்தின் ஜெயின் நிறுவனத்திடமிருந்து ஆப்பிரிக்காவில் 15 நாடுகளின் செல்போன் தொழிலை 1,070 கோடி டாலருக்கு வாங்கினார்கள். எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. வங்கதேசத்தில் 2016-ல் ரோபி நிறுவனத்தோடு இணைந்தார்கள். இலங்கையில் 2024-ல் டயலாக் நிறுவனத்தோடு கலந்துவிட்டார்கள். ஆப்பிரிக்கத் தொழில் நிலைத்தது. 2019-ல் அதை லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள்.

இந்த நீண்ட பயணத்தில் எங்கள் தீவுக்கும் ஒரு நிறுத்தம் உண்டு. அது 2005. ஆனால் அதற்கு முந்தைய டிசம்பரைச் சொல்லாமல் அந்த 2005-க்குப் போக என்னால் முடியாது.

டயல் டோன் இல்லாத நாட்கள்

என் அத்தை கச்சாலில் இருந்தார். நிக்கோபார் தீவுகளில் ஒன்று அது. 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றை 1970-களில் அரசு கச்சாலில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தியது. அப்படி ஒரு குடும்பத்தில்தான் அத்தை வாழ்க்கைப்பட்டார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குத் தரை ஆடியது. ஓடி வெளியே வந்தோம். ஆட்டம் நின்றதும் அப்பா முதலில் செய்த காரியம், பூத்தைத் திறந்து ரிசீவரைக் காதில் வைத்தது. டயல் டோன் இல்லை. கொஞ்ச நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. தெற்கே நிக்கோபார் தீவுகளில் என்ன ஆயிற்று என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. பூத் வாசலில் அன்று மாலை வரை கூட்டம் கலையவில்லை. பேச முடியாது என்று தெரிந்தும் நின்றார்கள். வேறு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

அந்த நாட்களில் தீவுகளுக்கும் வெளியுலகுக்கும் பாலமாக நின்றவர்களில் ஒரு ஹாம் ரேடியோ குழு முக்கியமானது. ஹைதராபாதில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தக் குழு அந்த டிசம்பரில் போர்ட் பிளேருக்கு வந்திருந்தது. உலகெங்கும் உள்ள ஹாம் ஆர்வலர்களோடு பேசுவதற்காக வந்தவர்கள். நிலநடுக்கம் வந்ததும் அந்தக் கருவிகளையே உயிர் காக்கும் வேலைக்குத் திருப்பினார்கள். தீவில் சிக்கியவர்களைப் பற்றிய செய்திகளை மெயின்லேண்டில் இருக்கும் உறவுகளுக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

அத்தையைப் பற்றி எங்களுக்குச் செய்தி எதுவும் வரவில்லை. அவரே வந்தார். ஏழாம் நாள் கப்பலில் இருந்து இறங்கினார், பெரிய மகன் மட்டும் கூட. "இருக்கேண்ணே" என்றார் அப்பாவிடம். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் ஒரு வாரம் காத்திருந்தோம். தொலைபேசி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த வார்த்தைதான் நினைவுக்கு வரும்.

சிம் வந்தது, வழி வரவில்லை

2005-ல் ஏர்டெல் அந்தமானுக்கு வந்தது. இந்தியாவின் எல்லாத் தொலைத்தொடர்பு வட்டங்களிலும் இருக்கிறோம் என்று சொல்ல அவர்களுக்கும் இந்தத் தீவு தேவைப்பட்டது. அதுவரை இங்கே அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். மட்டுமே.

எங்கள் கண்ணாடிக் கூண்டைப் பிரித்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிம் கார்டும் ரீசார்ஜ் கூப்பனும் தொங்கவிட்டோம். பீட்டல் போன் ஒரு மூலையில் இருந்தது, எஸ்.டி.டி.க்கு வருகிற பழைய ஆட்களுக்காக. கூப்பனின் சாம்பல் பூச்சைக் காசால் சுரண்டி எண்ணைப் படித்துச் சொல்வது என் வேலை. ஜங்கிலிகாட்டிலிருந்து மீன் விற்கும் அம்மாக்கள் வருவார்கள். "நீயே அடிச்சுக் குடுத்துரும்மா" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு நிற்பார்கள்.

ஒரு விநோதம் இங்கே சொல்ல வேண்டும். தொலைத்தொடர்புக் கணக்கில் நாங்கள் மேற்கு வங்க வட்டத்தைச் சேர்ந்தவர்கள். அந்த நாட்களில் சென்னைக்குப் பேசினால் எஸ்.டி.டி. மதுரையில் வாங்கிய சிம்மோடு வந்தால் ரோமிங். தமிழ் பேசும் வீடுகள் இவ்வளவு இருக்கும் ஊரில், ஊருக்குப் பேசும் ஒவ்வொரு அழைப்பும் வெளிமாநில அழைப்பாக இருந்தது.

டவர்கள் பெருகின. ஆனால் பேச்சில் அந்த அரை நொடி போகவில்லை. இன்டர்நெட் வந்த பிறகு தவிப்பு அதிகமானது. பல வாடிக்கையாளர்கள் என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். "டவர் ஃபுல்லா காட்டுது, நெட் ஓட மாட்டேங்குதே?"

அவர்களுக்கு நான் சொன்ன விளக்கம் இது. எங்கள் ஊருக்குக் குடிநீர் தனிக்காரி அணையிலிருந்து வருகிறது. கோடையில் அணை வற்றினால் வீட்டுக்கு வீடு குழாய் இருந்தும் தண்ணீர் வராது. டவர் என்பது வீட்டுக் குழாய். அந்த டவரிலிருந்து மெயின்லேண்ட் வரை தகவலைச் சுமந்து போகிற வழிதான் அணை. எங்களுக்கு அந்த வழி செயற்கைக்கோள் மட்டும். அதில் கிடைத்தது நொடிக்குச் சில கிகாபிட். சுமார் 3.8 லட்சம் மக்களும், அரசு அலுவலகங்களும், மருத்துவமனைகளும், வங்கிகளும், சுற்றுலாப் பயணிகளும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் அலைவரிசைக்கு வாடகையும் அதிகம். எந்தக் கம்பெனி எத்தனை டவர் நட்டாலும் அணையில் இருக்கும் தண்ணீர் அவ்வளவுதான்.

ஒரு தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஒரு பெண் காலை எட்டு மணிக்கு என் கடைக்கு வந்தாள். புகைப்படத்தை ஏற்றும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாலை வரை முயன்றோம். நடுநடுவே அவள் என் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். இரவு பன்னிரண்டைத் தாண்டியும் அந்த வட்டம் சுற்றியது. அவளிடம் வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மதிப்பெண் குறைவால் தோற்றிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

எங்களைத் தாண்டிப் போன கேபிள்

கடலுக்கடியில் கேபிள் போட முடியாதா என்றால், அது எப்போதோ போட்டாகிவிட்டது. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஐ2ஐ என்ற கேபிள் வந்தது. போட்டவர்கள் பாரதியும் சிங்கப்பூரின் சிங்டெல்லும் கூட்டாக. சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம். நொடிக்கு 8.4 டெராபிட் வரை சுமக்கும்படி வடிவமைக்கப்பட்டது. இந்தியாவில் தனியார் போட்ட முதல் கடலடிக் கேபிள் அது. பிறகு டாடாவின் கேபிள் வந்தது. ஐரோப்பா வரை போகிற சீமீவி-4 வந்தது.

ஓர் உலக வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து மலாக்கா நீரிணைக்குப் போகிற எதுவும் எங்கள் தீவு வரிசையைக் கடந்துதான் போக முடியும். வடக்கிலிருந்து தெற்காக 700 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, ஒரு வேலி மாதிரி நிற்கிறோம். உலகத்தின் பேச்சு எங்கள் தீவுகளைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மேலே ஒண்ணு எண்ணிக்கொண்டிருந்தோம்.

கம்பெனியை இதற்காக நான் திட்டவில்லை. நானும் கடை வைத்திருப்பவள். இரண்டு பெரிய நகரங்களை இணைத்தால் போட்ட காசு வரும். மூன்றே முக்கால் லட்சம் பேர், அதுவும் பல தீவுகளில் சிதறிக் கிடக்கிறவர்கள், அவர்களுக்காக நடுக்கடலில் ஒரு கிளை இறக்கினால் அந்தக் காசு வராது. வியாபாரக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் நாட்டின் கணக்கு அங்கே முடியக் கூடாது.

எப்படி முடியாமல் பார்த்துக்கொள்வது என்பதற்கு இதே இந்தியப் பெருங்கடலில் ஓர் உதாரணம் உண்டு. சீஷெல்ஸ். சுமார் ஒரு லட்சம் பேர் மட்டுமே உள்ள தீவு நாடு. 2010-ல் ஏர்டெல் அங்கே ஒரு நிறுவனத்தை வாங்கி நுழைந்தது. அந்த நாட்டு அரசும், ஏர்டெலும், அதன் போட்டியாளரான கேபிள் அண்ட் வயர்லெஸ் நிறுவனமும் கை கோத்துத் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் வரை ஏறக்குறைய 1,900 கிலோமீட்டருக்குக் கேபிள் போட்டார்கள். 2012-ல் அது செயல்பாட்டுக்கு வந்தது. கடையில் போட்டியாளர்களாக இருந்தவர்கள் கடலில் கூட்டாளிகளானார்கள், அரசு நடுவில் நின்றதால்.

கேபிள் கரை ஏறியது

எங்களுக்கு அந்த நாள் 2020 ஆகஸ்ட் 10. சென்னை - அந்தமான் நிக்கோபார் கேபிளை அன்று பிரதமர் மோடி காணொலி வழியாகத் தொடங்கி வைத்தார். மத்திய அமைச்சரவை 2016-ல் ஒப்புதல் கொடுத்து, 2018 டிசம்பர் 30-ல் அடிக்கல் நாட்டி முடித்த வேலை. சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு ஏறக்குறைய 1,224 கோடி ரூபாய். பொறுப்பேற்றுச் செய்தது பி.எஸ்.என்.எல். கேபிள் அமைத்தது ஜப்பானின் என்.இ.சி. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே நொடிக்கு 400 கிகாபிட் திறன். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் எனப்படும் ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று கிளைகள்.

ஆழ்கடலில் அந்தக் கேபிளின் பருமன், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் அளவுதான். உள்ளே முடியைப் போன்ற கண்ணாடி இழைகள். அவற்றைச் சுற்றி எஃகுக் கம்பி, செம்பு, பாலித்தீன். நங்கூரமும் மீன் வலையும் இழுத்துவிடாமல் இருக்கக் கரையோரத்தில் தடித்த கவசம் போட்டு மண்ணுக்குள் புதைக்கிறார்கள். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து இங்கே வர நொடியின் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. அப்பா எண்ணச் சொன்ன அந்த ஒண்ணு, கடலுக்குள் கரைந்துபோனது.

அதே நாட்களில் ஏர்டெல் இந்தக் கேபிள் வழியாக வேகமான 4ஜி சேவையைத் தொடங்கியது. கொரோனாக் காலம். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. என் மகள் முதல் முறையாக ஓர் ஆன்லைன் வகுப்பை முழுதாகப் பார்த்தாள். ஆசிரியரின் வாயும் குரலும் ஒன்றாக அசைவதைப் பார்த்து, "அம்மா, மிஸ் நெசமாவே பேசுறாங்க" என்றாள்.

டவர் யாருடையது என்பது விளம்பரப் பலகையில் தெரியும். வழி யாருடையது என்பதையும் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேபிளுக்கான பணம் வந்தது அனைவருக்குமான சேவைக் கடமை நிதியிலிருந்து. 2002-ல் ஏற்படுத்தப்பட்ட நிதி அது. ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும், அரசுடையதோ தனியாருடையதோ, கணக்கிடப்பட்ட வருவாயில் 5 சதவீதத்தை அதற்குச் செலுத்துகிறது. லாபம் வராத கிராமத்துக்கும் மலைக்கும் தீவுக்கும் போன் போய்ச் சேரத்தான் அந்தப் பணம். 2023-ன் புதிய சட்டத்தில் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியிருக்கிறது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு 2024 ஜனவரியில் கேபிள் போய்ச் சேர்ந்ததும் இதே நிதியால்தான்.

இந்தக் கணக்கை நான் அப்பாவுக்கு விளக்கிச் சொன்னேன். எண்பதை நெருங்கும் வயது. போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தது அவருக்கு இன்னும் வாயில் வரவில்லை. ஆனால் பூத் கணக்கு எதுவும் மறக்கவில்லை. சற்று நேரம் யோசித்தார்.

"ரெண்டாயிரத்து ரெண்டுலயா ஆரம்பிச்சாங்க?"

"ஆமாப்பா."

"பூத்து ரெண்டாயிரத்து எட்டு வரைக்கும் ஓடுச்சே. அப்ப அந்த வயர்ல நம்ம பூத்துக் காசும் கெடக்கு."

கிடக்கிறது. பதினொரு மணிக்குத் துண்டுச் சீட்டோடு நின்றவர்களின் காசும், ஜங்கிலிகாட்டு அம்மாக்களின் கூப்பன் காசும், தேனியிலும் திருவாரூரிலும் ரீசார்ஜ் செய்த உங்கள் காசும் அந்தக் கடலடியில் கிடக்கின்றன.

வேலை இன்னும் முடியவில்லை. ஒற்றைக் கேபிள் எங்கேயாவது அறுந்தால் மறுபடி வானத்தை நம்ப வேண்டும். அதற்கு இன்னொரு வழி வேண்டும். கேபிள் இறங்கிய தீவுகளின் பட்டியலில் கச்சால் இல்லை. பக்கத்தில் இருக்கும் கமோர்ட்டாவரைக்கும் வந்து நின்றிருக்கிறது. ஏர்டெலின் தாய்க் குழுமமான பாரதி முதலீடு செய்த ஒன்வெப் நிறுவனம் 1,200 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் செயற்கைக்கோள்களை அனுப்பியிருக்கிறது. 2022-லும் 2023-லும் அவற்றில் 72, நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் கிளம்பின. 36,000 எங்கே, 1,200 எங்கே! கேபிள் எட்டாத சின்னத் தீவுகளுக்கு இப்படிப்பட்ட வழிகளைக் கொடுக்க முடியும். கொடுப்பதற்குத்தான் அந்த நிதி.

அத்தை இப்போது இல்லை. அவர் மகன் கச்சாலுக்கே திரும்பிப் போய்விட்டான். அவனோடு வீடியோவில் பேசும்போது சில நாள் முகம் அப்படியே உறைந்து நிற்கும். நான் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஒண்ணு எண்ணுவேன். சில நாள் பத்து வரை எண்ணுவேன். அவன் போடுகிற ரீசார்ஜிலும் ரூபாய்க்குச் சில பைசா அந்த நிதிக்குப் போகிறது.